கடைசிப் பலகை

ஏப்ரல் 24

டயர் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. நான்கு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. இன்று பிரித்திருக்கிறேன் என்றால், கைகளைத் தவிர வேறெதையும் அசைக்கக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். போன வாரம் இரத்தம் பட்டது அதனால்தான். இன்றைக்கு இருபத்தேழு வாரம். முப்பத்து நான்கு வரை தள்ளிவிட்டால் பயமில்லை என்கிறார். அதுவரை கட்டில்தான். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம், அதுவும் துணையோடு. போன வருடம் மூன்றாம் மாதத்திலேயே ஒன்று கலைந்துவிட்டது. எனக்கு வயது முப்பத்தேழு. இதுவும் போனால் இன்னொன்று இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நான்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். திருச்செங்கோட்டில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். ஒரு இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தாலே எனக்குக் கால் துறுதுறுக்கும். ஏழு வாரம் படுத்துக் கிட என்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் வேலு போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். மழை பிடித்தால்தான் லாரி ஊர் திரும்பும். அதற்கு ஜூன் பாதி ஆகிவிடும். மூன்று வீடு தள்ளி அவருடைய அக்கா தெய்வானை அண்ணி இருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் வந்து சமைத்து வைத்துவிட்டுத் தன் தறிப் பட்டறைக்குப் போய்விடுவார். பகல் முழுக்க என்னோடு இருக்கப் போவது மௌலிகா.

மௌலிகா வேலுவின் மூத்த தாரத்தின் மகள். பதின்மூன்று வயது. அவள் அம்மா கோகிலா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் அவள் என்னை எப்படியும் கூப்பிட்டதில்லை. சித்தி என்றுகூட இல்லை. "இங்க பாருங்க" என்பாள். அதுதான் இந்த வீட்டில் என் பெயர்.

ஏப்ரல் 26

முழுப் பரீட்சை லீவு விட்டாயிற்று. காலையிலேயே மௌலிகா பட்டறையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்து கூடத்தில் இருந்த டிவியைக் கழற்றி என் அறையில் மாட்ட வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலு நாக்பூரில் வாங்கி வந்த பழைய கேம் பெட்டியும் பின்னாலேயே வந்தது.

வீட்டில் ஏசி இருப்பது இந்த ஒரு அறையில்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏசிக்காகத்தான் வந்திருக்கிறாள், எனக்காக இல்லை. நான் ஒன்றும் ஏமாந்துவிடவில்லை.

ஏப்ரல் 27

ஃபேனின் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் அழுக்கு அதிகம். ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29

பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் ஜன்னல் காட்டுகிறது. நேற்று அந்தச் சுவரின் செங்கல் வரிசைகளை எண்ணி முடித்துவிட்டேன். இன்று காலை பொறுக்காமல் எழுந்து உட்கார்ந்து காலைக் கீழே போட்டேன். வாசல் வரைக்கும் போய் வந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது.

மௌலிகா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். என் காலைப் பார்த்தாள். பிறகு இன்னொரு கன்ட்ரோலரை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இங்க பாருங்க, இது ரெண்டு பேர் ஆடறது. தனியா ஆட முடியாதுங்க."

காலை மேலே எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

கப்பல் உடைந்து இரண்டு பேர் ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். எதிரே கரை தெரிகிறது. மரம் வெட்டிப் பலகை அறுத்துப் பாலம் கட்டி அந்தக் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். மொத்தம் இருநூற்று நாற்பது பலகை. நடுவில் பசி, பாம்பு, புயல் எல்லாம் வரும். என் ஆளை நான் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று முறை கடலில் இறக்கிவிட்டேன். பன்னிரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மே 2

மௌலிகா சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திட்டுவதில்லை. நான் ஒரே பள்ளத்தில் ஆறாவது முறை விழுந்தபோதும் "பரவால்லீங்க, மறுபடியும் வாங்க" என்றுதான் சொன்னாள். நான் என் மாணவிகள் யாரிடமும் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. கிளட்சை விடச் சொன்னால் பிரேக்கை விடுபவர்களிடம் பொறுமை காட்ட முடியாது என்பது என் கட்சி.

பலகை பதினெட்டு.

மே 5

ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் தொடங்கும் முன் மூன்று பாட்டிலில் தண்ணீர் நிரப்பி என் தலைமாட்டில் வரிசையாக வைத்துவிடுகிறாள். ஒரு பாட்டில் போதும் என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை. இனிமேல் என்னைத் தொந்தரவு செய்யாதே என்பதற்கு இது ஒரு மரியாதையான வழிபோல.

அது மட்டுமில்லை. நான் "மௌலி" என்று வாயெடுத்தால் போதும், கையிலிருக்கும் கன்ட்ரோலரை டொக்கென்று கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள். இன்று அவளுடைய ஆள் பாம்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது தலையணையைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னேன். போட்டுவிட்டு வந்தாள். ஆள் செத்தே போனான். முடித்துவிட்டு வந்தால் போதாதா என்றேன். தேவையில்லைங்க என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

சிடுசிடுவென்று ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்னைச் சித்தி என்று ஏற்றுக்கொள்ளாத பெண் எனக்கு வேலைக்காரி மாதிரி ஓடி வருவது நன்றாகவா இருக்கிறது?

மே 6

வேலு பேசினார். பாறை கடினமாக இருக்கிறதாம், துளை போடும் பிட் இரண்டு போய்விட்டதாம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பேசிக்கொள்வதில்லை, பாலம் கட்டுகிறோம் என்றேன். வெகு நேரம் சிரித்தார். சிரிப்பில் ஏதோ நடுக்கம் இருந்தது. லைன் சரியில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

மே 9

இருபத்தொன்பது வாரம்.

காலையில் என்னிடம் வண்டி பழகிய கோமதி டீச்சர் புதுக் காரை ஓட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனார். எனக்குக் கேட்கட்டும் என்று இரண்டு முறை ஹாரன் அடித்தார். கியர் மாற்றும்போது வண்டி முக்கி முனகியது. இரண்டாவது கியரில் இன்னும் கொஞ்சம் போக விட்டிருக்க வேண்டும். அதை எண்ணிக்கொண்டே அழுதுவிட்டேன். முதுகு எரிகிறது. தலை எண்ணெய்ச் சிக்கு நாறுகிறது. பட்டறையில் தறிச் சத்தம் நின்றால்தான் மணி ஒன்றாகிவிட்டது என்று தெரிகிறது. என் உடம்பை நானே ஓட்ட முடியாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கூல் வண்டியிலாவது பக்கத்து சீட்டில் எனக்கென்று ஒரு பிரேக் இருக்கும், இங்கே அதுவும் இல்லை.

மௌலிகா நான் அழுததைப் பார்க்காத மாதிரி டிவியைப் போட்டாள். "இன்னிக்கு வடக்குப் பக்கம் தேக்கு வெட்டலாங்க, அது நெறைய நாள் ஆகும்" என்றாள். நிறைய நாள் ஆகும் என்பதை ஏதோ மிட்டாய் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

மே 11

சிரித்தாள். எழுதி வைக்க வேண்டியதுதான்.

என் ஆள் தென்னை மரத்தில் ஏறித் தேங்காயைப் போட, அது நேராக அவள் ஆளின் தலையில் விழுந்தது. நான் வழக்கம்போல "இண்டிகேட்டர் போடாம நடுவுல வந்து நிக்கறதாரு?" என்று அதட்டினேன். கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. இரண்டு வருடமாக எனக்கு இது தெரியாது.

அவள் குளிக்கப் போனபோது பெட்டியிலிருந்த மற்ற ஆட்டங்களைப் பார்த்தேன். பதினோரு ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு முடிந்தது என்று போட்டிருக்கிறது. தொண்ணூற்றாறு சதவீதம், தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து. ஒன்றைக்கூட நூறுக்குக் கொண்டுபோகவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் முடிக்கும் பொறுமை கிடையாது. எங்கள் பாலத்தையாவது நான் முடிக்க வைக்கப் போகிறேன்.

பலகை நூற்றுப் பன்னிரண்டு.

மே 14

பலகை தொண்ணூற்றாறு.

எண்ணிக்கையில் நான் தவறுவதில்லை. டைரியில் எழுதியும் வைத்திருக்கிறேன். மௌலிகாவிடம் கேட்டேன்.

"அலை அடிச்சிருச்சுங்க. சில சமயம் அடிக்கும்."

இருக்கலாம். விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே.

மே 17

மீண்டும் ஏறி நூற்று நாற்பது வந்து, இன்று காலை நூற்றுப் பதினேழு. மறுபடியும் அலையாம். நான் விழித்திருக்கும் நேரத்தில் அந்த அலை ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

சாயங்காலம் தெய்வானை அண்ணி எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே ஏதோ நினைப்பில் சொன்னார். "கோகிலாவும் இப்புடித்தான் அம்மணி, ஏழாம் மாசத்துல படுத்துக் கெடந்தா." அப்போது மௌலிகா காபி டம்ளரோடு உள்ளே வந்தாள். அண்ணி சட்டென்று மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

கோகிலா எப்படிப் போனாள் என்று கல்யாணமான புதிதில் வேலுவிடம் கேட்டிருக்கிறேன். பிரஷர் என்று மட்டும் சொன்னார். வயிற்றில் பிள்ளையோடு போனாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? இதே அறையா, இதே கட்டிலா என்று கேட்க வாய் வரவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே உதைத்தது. இன்று முழுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 20

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்குவது வழக்கம். இன்று கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மௌலிகா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அவளுடைய ஆள் கோடாலியோடு பாலத்தின் நுனிக்குப் போனான். ஒவ்வொரு பலகையாக வெட்டிக் கடலில் தள்ளினான். நான் கட்டிய பலகைகள். ஒவ்வொன்றையும் வெட்டிய பிறகு அவள் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டாள்.

முப்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்குமேல் கண்ணைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். இரண்டாவது முறை கேட்டேன். "தண்ணி வேணுங்களா?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எந்தக் கரைக்கும் போய்ச் சேரக் கூடாது என்று நினைக்கிறாள். இந்தப் பிள்ளையும் சேரக் கூடாது. சிரித்தது, சொல்லிக்கொடுத்தது, மூன்று பாட்டில் தண்ணீர் எல்லாம் வேஷம். மூன்று வாரமாக நான் முட்டாளாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மே 21

பேசவில்லை. அவளும் பேசவில்லை. தண்ணீர் மட்டும் மூன்று பாட்டில் வந்தது.

மே 25, ஆஸ்பத்திரி

மூன்று நாள் எழுத முடியவில்லை. அண்ணி இன்றுதான் டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பக்கத்துத் தப்பையும் சேர்த்து.

இருபத்திரண்டாம் தேதி காலை அண்ணி மௌலிகாவை ரேஷன் கடைக்கு அனுப்பினார். அண்ணியும் அப்போதே பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் நான் தனியாக இருந்தேன். கன்ட்ரோலரை எடுத்தேன். தனியாக ஆட முடியாது என்று அவள் சொன்னது பொய். தேக்கு ஏற்கெனவே வெட்டிக் குவித்துக் கிடந்தது. அவளுடைய ஆள் கரையில் சும்மா நிற்க, என் ஆளை வைத்து ஒவ்வொரு பலகையாக அடித்தேன். பசிக்குச் சோறு போடவில்லை, புயலுக்கு ஒதுங்கவில்லை. வீம்பு ஒன்றுதான் இருந்தது. அவள் வாசல் கேட்டைத் திறக்கும் சத்தமும் கடைசிப் பலகை விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. டிவியில் வாணவேடிக்கை. நூறு சதவீதம் என்று பெரிதாகப் போட்டது.

மௌலிகா அறை வாசலில் வந்து நின்றாள். பையைக் கீழே விட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. அதைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"முடிச்சிட்டேன் பாத்தியா? இனி உனக்கு வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். பேச்சோடு பேச்சாகக் கட்டிலை விட்டு எழுந்து நின்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு யாரையும் பிடிக்காமல் என் இரண்டு காலில் நின்றேன். வாசல் வரைக்கும் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்றேன்.

நான்கு அடி வைத்திருப்பேன். அவள் வெளியே ஓடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

முதலில் தட்டினேன். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. ஜன்னலுக்கு அப்பால் அந்தச் செங்கல் சுவர்தான். தறி ஓடும்போது தெருவில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அப்போது தொடையில் சூடாக எதுவோ இறங்கியது. குனிந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

கட்டிலுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. படுத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"மௌலி, கதவத் தெற."

"மாட்டேங்க. நீங்க படுங்க."

"படுத்துட்டேன்."

"பொய் சொல்றீங்க. தெறந்தா எந்திரிச்சுப் போயிருவீங்க. அதான் முடிச்சிட்டீங்களே." குரல் தரையிலிருந்து வந்தது. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. "பாலம் முடியாம இருந்தா நீங்க படுத்தே இருப்பீங்கன்னுதான் வெட்டுனேன். டாக்டர் ஜூன் பன்னெண்டு வரைக்கும்னு சொன்னாங்க. நான் கணக்குப் போட்டு வெச்சிருந்தேங்க."

அவள் நிறுத்தவில்லை. ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாததை ஒரு மரக் கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா தண்ணி கேட்டாங்க. நான் போன்ல ஆடிட்டிருந்தேன். ஒரு நிமிசம்மா, இந்த லெவல முடிச்சுட்டு வர்றேன்னேன். முடிச்சேன். ஜெயிச்சுட்டேன். போயிப் பாத்தா அவிகளே எந்திரிச்சுப் போயி சமையக்கட்டுல கெடந்தாங்க."

ஏசி ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. கதவைத் திற என்று இன்னொரு முறை சொன்னால் திறக்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. புதிதாக வண்டி பழகுகிறவள் மிரண்டுபோய் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால், அவள் கையைப் பிடுங்கக் கூடாது. அவளே விடும்படி பேச வேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலை.

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. கதவத் தெறக்க வேண்டாம். பூட்டியே இருக்கட்டும். நான் உள்ளயே படுத்திருக்கறேன். எனக்கு ரத்தம் போகுது. உன்னால இல்ல. நீ போயி அத்தையக் கூட்டிட்டு வா. நீ வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

வெறுங்கால் ஓடும் சத்தம். கேட் சுவரில் மோதியது.

அவர்கள் வர ஆன நேரம் ஐந்து நிமிடம் என்று அண்ணி சொல்கிறார். வெளியே தாழிட்ட அறையில், நனைந்துகொண்டே போகும் படுக்கையில், அசையாமல் கிடந்தேன். டிவியில் வாணவேடிக்கை ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட நான் கையை நீட்டவில்லை. எந்திரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

மே 27

இரத்தம் நின்றிருக்கிறது. குழந்தைக்கு நெஞ்சு பலப்பட இரண்டு ஊசி போட்டார்கள். இனி பிரசவம் வரை இங்கேதான். இங்கே ஜன்னலே இல்லை.

டாக்டரம்மாவிடம் ஒரு உதவி கேட்டேன். நான் எழுந்து நின்றதால் இரத்தம் வந்ததா என்பதை மௌலிகாவை நிற்க வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னேன். நான்கு அடி நடந்ததால் வந்ததில்லை, தூங்கும்போதுகூட வந்திருக்கும் என்றார். பிறகு, இனி நீங்கள் சொல்லுங்கள் என்று தெய்வானை அண்ணியைப் பார்த்தேன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோகிலா போனபோது, பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று காரியம் முடியும்வரை பதினாறு நாள் மௌலிகாவை ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த பிறகும் அவள் முன்னால் யாரும் கோகிலா பேச்சை எடுப்பதில்லை. பரிதாபப்பட்டுச் செய்தார்கள். அந்த அமைதியைப் பிள்ளை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என் தப்பைத்தான் பேசாமல் மறைக்கிறார்கள் என்று.

அண்ணி சொன்னார். கோகிலாவுக்குப் பிரஷர் ஏறிக் கைகால் வெட்டி இழுத்து ஜன்னி வந்துவிட்டது. அன்று காலையிலிருந்தே தலைவலி, கண் மங்கல். தண்ணீர் குடிக்க எழுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து பிறகுதான் போனாள்.

மௌலிகா டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் ஒடனே போயிருந்தா?"

அவர் பொய் சொல்லவில்லை. "கீழ விழாமப் புடிச்சிருக்கலாம். ஜன்னி நின்னிருக்காது கண்ணு."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. வெளியே போய்க் கைகழுவும் தொட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் போர்வைக்குள் முகத்தை வைத்து அழுதேன். அவள் என்னைக் காவல் காத்திருக்கிறாள். நான் அதை வெறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மௌலிகா போக மாட்டேன் என்றாள். போ என்றேன். மாட்டேன் என்றாள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை இங்கேயே கொண்டுவந்து ஸ்டூலில் உட்கார்ந்து படிக்கிறாள். நர்ஸ் என்னைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறாள்.

உண்மை அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் போதுமா? என் கால் கொஞ்சம் அசைந்தாலும் அவள் கண் அங்கே போகிறது.

ஜூன் 5

முப்பத்து மூன்று வாரம்.

ஜூன் 9

காலையில் மறுபடியும் இரத்தம். இனித் தள்ள வேண்டாம், எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஒன்பது மணிக்கு ஆபரேஷன். வேலு ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், நாளைக்குத்தான் சேர்வார். மௌலிகா அண்ணியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்கிறாள். போய்ட்டு வர்றேன் என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காகவாவது நான் திரும்பி வர வேண்டும்.

ஜூன் 10

பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூற்று ஐம்பது கிராம். தானாக மூச்சு விடுகிறாளாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் நடைவழியின் கடைசி வரைக்கும் போக வேண்டும்.

மத்தியானம் நர்ஸ் வந்து, தையல் போட்டவர்கள் படுத்தே கிடக்கக் கூடாது, எழுந்து நடக்க வேண்டும் என்றார். மௌலிகா கட்டிலுக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றுவிட்டாள். "அவங்க எந்திரிக்க மாட்டாங்க" என்றாள். நர்ஸ் சிரித்தார், அதட்டினார், கடைசியில் டாக்டரம்மா பெயரைச் சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. சக்கர நாற்காலி கேட்டாலும் வரும் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. சாயங்காலம் வரட்டும் என்று நர்ஸை அனுப்பி வைத்தேன்.

வேலு மூன்று மணிக்கு வந்தார். இரண்டு நாள் தாடி, சட்டையெல்லாம் சிவப்பு மண். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து மௌலிகாவின் தலையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். அண்ணி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருப்பார். பிறகு அவர் அவளைக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டக் கூட்டிப்போனார்.

சாயங்காலமும் நான் எழவில்லை. நர்ஸ் திட்டிவிட்டுப் போனார். திட்டட்டும்.

ஜூன் 11

காலை ஆறரை மணி இருக்கும். வேலு டீ வாங்கப் போயிருந்தார். மௌலிகா வந்து என் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். குளித்துத் தலை பின்னியிருந்தாள். வெகுநேரம் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா ரொம்பச் சின்னதா இருக்குது என்றாள். ஒரு கை விரலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்கிறதாம். யாராவது பக்கத்தில் நின்றால் ஆட்டுவதை நிறுத்துகிறதாம். அப்பா நின்றார், நிறுத்தியது. அவள் நின்றாள், அப்போதும் நிறுத்தியது. "நீங்கதான் இன்னும் போகல" என்றாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று பயமாக இருந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து என் செருப்பை எடுத்தாள். இரண்டையும் என் பாதத்துக்கு நேராக வைத்தாள். கையை நீட்டினாள். கை ஈரமாக இருந்தது.

"இங்க பாருங்க. எந்திரிங்க. நான் புடிச்சுக்கறேன்."

எழுந்தேன். தையல் இழுத்தது, கண் இருட்டியது, காட்டிக்கொள்ளவில்லை. அவள் என் கையை எலும்பு நோகப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நடைவழி முழுக்க இப்படியே போனோம். எதிரே வந்த நர்ஸ் ஒதுங்கி வழிவிட்டார். கண்ணாடிக்குப் பக்கத்தில் நான் போய் நின்றதும் அந்த விரல் ஆடுவது நின்றது. நான் அழுதேன். மௌலிகா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. எனக்கு முன்னால் நடந்தாள். அறை வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.